தூக்கிப் போட மனசு வரலை!

பஞ்சம் பார்த்த அருப்புக்கோட்டை – திருச்சுழி கரிசல் பூமியில், இழப்புக்கும் வீட்டு அடைசலுக்கும் என்ன உறவு?

மார்கழி பாதி தாண்டிவிட்டால் அருப்புக்கோட்டைப் பக்கம் வீடுகளில் ஒட்டடைக் கம்பு வெளியே வந்துவிடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டுமே! பரணில் கிடப்பதெல்லாம் திண்ணைக்கு இறங்கும். காது உடைந்த அண்டா, ஒரு கால் போன முக்காலி, தோலுறை கிழிந்த ரேடியோ, ஓர் ஆட்சியில் கொடுத்த கலர் டிவி, அடுத்த ஆட்சியில் கொடுத்த மிக்சி, எந்தப் பூட்டுக்கு உரியவை என்று யாருக்கும் தெரியாத ஒரு சாவிக் கொத்து. பழைய இரும்பு எடுக்க வந்தவர் மூன்று சக்கர வண்டியை ஓரமாக நிறுத்தி, தராசை எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருப்பார். பாதி அவருக்குப் போகும். மீதியைத் தூசி தட்டி வீட்டம்மா மறுபடி பரணிலேயே ஏற்றச் சொல்வார். "இருக்கட்டும்யா, எதுக்காவது ஆகும்."

வருசா வருசம் இறங்கி வருசா வருசம் ஏறுகிற இந்தச் சாமான்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. துரும்பும் பல் குத்த உதவும் என்று வளர்ந்தவர்கள் நாம்.

பொங்கலுக்கும் எதுவுமே கீழே இறங்காத வீடுகளும் இருக்கின்றன. வாசல் வரைக்கும்தான் வெள்ளையடிப்பு. உள்ளே ஓர் அறை பூட்டியே இருக்கும். அல்லது பூட்ட முடியாதபடி சாமான் நிறைந்திருக்கும். சொந்தக்காரர்கள் வந்தால் திண்ணையோடு காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "சோம்பேறி", "கஞ்சன்", "கிறுக்கு" என்று தெரு ஆளுக்கொரு பட்டம் வைத்திருக்கும். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் அதே தெருவுக்கு அதுவும் தெரியும். "அந்தப் பையன் போனதிலிருந்து இப்படித்தான்" என்பார்கள். பட்டம் கொடுக்கிற வாயே காரணத்தையும் சொல்லிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

குலுக்கை கற்றுக்கொடுத்தது

முதலில் கரிசல்காட்டின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். இங்கே சேர்த்து வைப்பது குணக்கேடு அல்ல, பிழைக்கத் தெரிந்த புத்தி. வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழையை நம்பித்தான் விதைப்பு. மழை ஏமாற்றினால் அடுத்த வருசம் வரை கையிருப்புதான் கஞ்சி. குண்டாற்றில் தண்ணீர் புரண்டதைப் பார்த்த வருசத்தைப் பெரியவர்கள் ஞாபகம் வைத்துச் சொல்வார்கள். அவ்வளவு அபூர்வம்.

அதனால்தான் வீட்டுக்கு வீடு குலுக்கை இருந்தது. ஆளுயர மண் கூடு. மேலே வாய், அதற்கொரு மூடி. அடியில் ஒரு துளை, அதைத் துணியால் அடைத்திருப்பார்கள். சோளமோ கம்போ குதிரைவாலியோ, மேலே கொட்ட வேண்டியது, வேண்டும்போது கீழே துணியை உருவிப் பிடித்துக்கொள்ள வேண்டியது. பழைய தானியம் முதலில் வெளியேறும், புதியது மேலே காத்திருக்கும். வேப்பிலை போட்டு வைத்தால் பூச்சி அண்டாது. சேர்ப்பதற்கு ஒரு வழி, செலவழிப்பதற்கு ஒரு வழி என்று இரண்டு வழியும் வைத்துச் செய்த பாத்திரம் அது.

இந்தப் புத்திக்குக் கரிசல் கொடுத்த விலை அதிகம். 1876-ல் தென்மேற்கும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. தாது வருசப் பஞ்சம். 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் தொடங்கி மைசூர், ஐதராபாத், பம்பாய் வரை மாண்டவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. நிவாரண வேலைக்குப் போன ஆண்பிள்ளைக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877-ல் உத்தரவு போட்டவர் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூடத் தேறாது. அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட முடியாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். மதுரை, இராமநாதபுரம் சீமையிலிருந்து சனங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குக் கிளம்பிப் போனதும் இப்படிப்பட்ட காலங்களில்தான்.

அதனால் ஒரு முடிவுக்கு வருவது நமக்கு வெகு சுலபம். 'பஞ்சத்தில் அடிபட்ட பரம்பரை, அதனால்தான் கிழவி ஒரு சாக்கைக்கூடப் போட மாட்டேன் என்கிறாள்.' கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மேல்நாட்டு மனநல ஆய்வாளர்களும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது கணக்கு வேறு மாதிரி வந்தது.

இல்லாமை அல்ல, இழப்பு

அமெரிக்காவில் ராண்டி ஃபிராஸ்ட் என்ற உளவியல் பேராசிரியர் இந்தத் துறையின் முன்னோடி. 1993-ல் அவரும் ரேச்சல் கிராஸும் பொருள்களைக் குவித்து வைப்பவர்களிடம் சின்ன வயசு வறுமையைப் பற்றி விசாரித்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் அதிகம் இல்லாமைப்பட்டவர்களாகத் தெரியவில்லை. 2011-ல் லண்டனில் நடந்த ஓர் ஆய்விலும் அதே முடிவு. வறுமையில் வித்தியாசம் இல்லை. ஆனால் வாழ்க்கையில் பட்ட அடிகளில் வித்தியாசம் இருந்தது. வன்முறை, விபத்து, திடீர்ச் சாவு போன்ற அதிர்ச்சிகளைச் சந்தித்தவர்கள் இவர்களிடையே அதிகம்.

இன்னும் கூர்மையான ஒரு தகவல் 2007-ல் புளோரிடாவிலிருந்து வந்தது. ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர்களை ஆராய்ந்ததில், பொருள் குவிக்கும் பழக்கமும் சேர்ந்திருந்தவர்களிடம் அதிர்ச்சி அனுபவங்கள் கூடுதலாக இருந்தன. வாங்கிச் சேர்க்கும் ஆசைக்கும் அதிர்ச்சிக்கும் இருந்த தொடர்பைவிட, வீடு அடைந்து கிடப்பதற்கும் அதிர்ச்சிக்கும் இருந்த தொடர்புதான் பலமாகத் தெரிந்தது. குலுக்கை மொழியில் சொன்னால், மேலே கொட்டுகிற கை அல்ல, உள்ளே அடைந்து நிற்பதுதான் பட்ட அடியைக் காட்டுகிறது.

வெளியூர்க் கணக்கை அப்படியே எடுத்துவந்து கரிசல்காட்டில் ஒட்டிவிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பஞ்சத்தைப் பார்த்த கிழவியின் வீடு குலுக்கையும் அடுக்குப்பானையுமாக எவ்வளவு ஒழுங்காக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பஞ்சம் ஒழுங்கைத்தான் கற்றுக்கொடுத்தது. வழி தெரியாமல் வீட்டை அடைப்பது வேறு ஒன்று.

அது எப்படி நடக்கிறது? ஒரு சோதனையைச் சொன்னால் விளங்கும். 2012-ல் டேவிட் டோலின் குழுவினர், பொருள் குவிப்பவர்களையும் மற்றவர்களையும் மூளையைப் படம் பிடிக்கும் கருவிக்குள் படுக்க வைத்து, தபாலில் வந்த வேண்டாத காகிதங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். வைத்துக்கொள்ளவா, கிழித்துப் போடவா? அடுத்தவர் காகிதம் என்றால் அவர்கள் மூளை சும்மா இருந்தது. தன்னுடையது என்றதும் முடிவெடுக்கும் பகுதிகள் அலறியடித்து வேலை செய்தன. நமக்கு ஒரு நொடி வேலை, அவர்களுக்கு ஒரு பெரிய பஞ்சாயத்து. இதை வைத்துக்கொண்டு ஒரு வீட்டையே காலி செய்யச் சொன்னால்?

அடிபட்ட மனசுக்கு வேறு சங்கடங்களும் உண்டு. ஒரு பொருளைத் தொட்டால் அந்த நாள் ஞாபகம் வரும், அதற்குப் பயந்து தொடாமலே விடுவார்கள். தொடாத பொருளின் மேல் அடுத்த பொருள் விழும். இன்னும் சிலருக்குச் சாமான்களே துணை. நாலு பக்கமும் மூட்டையாக இருந்தால் ஒரு காவல் இருக்கிற மாதிரி. வேறு சிலர் எதையும் சேர்ப்பவர்களே அல்ல, மனச்சோர்வில் எழுந்து பாத்திரம் விளக்கத் தெம்பில்லை, அவ்வளவே. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மூன்று வீடும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

சேர்த்துக் குவிப்பதைத் தனி மனநலக் கோளாறாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல்தான் பட்டியலில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் பிறகு அதை ஏற்றுக்கொண்டது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கு ஒன்று நூற்றுக்கு இரண்டரைப் பேர் என்கிறது. அடைசலான வீடெல்லாம் நோய் வீடு என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. ஒரே அறை, ஆறு பேர், மூன்று மருமகள்கள் கொண்டுவந்த சீர்வரிசைப் பாத்திரம் என்றால் வீடு அடையத்தான் செய்யும். அது இடப் பிரச்சினை.

கூடவே ஒன்று. லாஸ் ஏஞ்சலஸில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், 'வீடு அலங்கோலமாக இருக்கிறது' என்று பேசிய மனைவிமார்களின் உடலில் மன உளைச்சலைக் காட்டும் கார்டிசால் சுரப்பு, நாள் முடிவில் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. கணவன்மார்களிடம் அப்படி ஒன்றும் தென்படவில்லை. ஊர் எதுவானாலும் ஆம்பளை கண்ணுக்கு அடைசல் தெரியாது போலிருக்கிறது.

மல்லாங்கிணறு முகாமின் பைகள்

வெளியூர் ஆய்வுகளை விட்டு நம் பக்கத்துக்கே வருவோம். எழுத்தாளர் எஸ்.ராமகிருஷ்ணனும் தமிழச்சி தங்கபாண்டியனும் பிறந்த ஊர் என்று வாசகர்களுக்கு மல்லாங்கிணற்றைத் தெரியும். திருச்சுழி தொகுதிக்குள் இருக்கும் அந்த ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது. அகதிகள் முகாம் என்று இருந்த பெயரை 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு மாற்றியது. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகும், 1990-ல் போர் மறுபடி மூண்ட பிறகும் அலை அலையாகப் படகேறி வந்தவர்கள் மண்டபம் முகாமில் முதலில் தங்கி, அங்கிருந்து தமிழ்நாடு முழுக்கப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். கடல் பார்த்து வளர்ந்த சனத்தில் ஒரு பகுதி இப்படித்தான் கரிசல்காட்டுக்கு வந்து சேர்ந்தது.

படகில் இடம் குறைவு. ஆளுக்கொரு பைதான். அந்தப் பைக்குள் எதை வைத்தார்கள்? துணிமணிக்கு முன்னால் போனது காகிதம். காணி உறுதி, பிறப்புச் சான்று, பள்ளிக்கூடச் சான்றிதழ், கல்யாணப் படம். நனையாமல் பாலித்தீனில் சுற்றி, அதன் மேல் இன்னொரு பாலித்தீன். வந்த இடத்தில் முகாம் பதிவு அட்டை, உதவித்தொகைப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ் என்று கட்டு பெருத்துக்கொண்டே போனது. பத்துக்குப் பத்து வீட்டில் முதலில் இடம் பிடிப்பது அந்தக் கட்டுதான்.

இதை அடைசல் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் 'நீ யார்' என்பதற்குக் காகிதம் கேட்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இடமில்லை. முப்பது நாற்பது வருசமாக ஒரு நாட்டில் இருந்தும் நாட்டவர் ஆகாதவர் ஒரு துண்டுச் சீட்டைக்கூடக் கிழிக்கப் பயப்படுகிறார் என்றால், அந்தப் பயத்தை உண்டாக்கியது அவர் மனசு மட்டும் இல்லை. முதல் வைத்தியம் மருத்துவமனையில் அல்ல, குடியுரிமை அலுவலகத்தில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மருத்துவம் பார்த்த மனநலப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைத்தான் வேறு விதமாக வற்புறுத்தி வந்தார். மனவடு தனி ஆளின் தலைக்குள் மட்டும் தங்குவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்து அடிக்கிறது என்பது அவருடைய எழுத்துகளின் சாரம். 1995 அக்டோபர் 30 மாலை யாழ்ப்பாணம் காலி செய்யச் சொல்லப்பட்டது. மழையில், இருட்டில், நாவற்குழிப் பாதையில் லட்சக்கணக்கானோர் நகர்ந்தார்கள். ஒவ்வோர் இடப்பெயர்விலும் கொஞ்சம் சாமான் குறைந்தது. 2009-ல் போர் முடிந்த முள்ளிவாய்க்காலுக்கு வந்தபோது பலரிடம் உடுத்த துணிதான் மிச்சம். அத்தனையையும் ஒருமுறை விட்டுவிட்டு ஓடியவர், மறுபடி ஒரு கூரை கிடைத்ததும் காலி தகர டப்பாவைக்கூட விட மாட்டார். விடச் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகள் அதைவிடக் கொடுமை. தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டு 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் உட்கார்ந்தார்களே, அவர்கள் வீடுகளில் பிள்ளையின் சட்டையை யார் எடுத்துக் கொடுக்க முடியும்? கொடுத்தால், அவன் வரமாட்டான் என்று தாயே தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

பாயும் தலையணையும்

நம் ஊர்ச் சாவுச் சடங்குகளை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செத்தவர் படுத்திருந்த பாயும் தலையணையும் பாடையோடு வெளியேறிவிடும். துணிமணியை யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். வீட்டைக் கழுவிவிடுவார்கள். பதினாறாம் நாள் கருமாதி. இதில் எதையும் துக்கப்பட்டவள் தன் கையால் செய்ய வேண்டியதில்லை, முடிவெடுக்கவும் வேண்டியதில்லை. பங்காளிகள் எடுத்துப் போடுவார்கள், சம்பந்தி வீட்டார் கோடி போடுவார்கள். டோலின் கருவியில் படுத்தவர்கள் திணறிய அந்த முடிவை ஊரே கூடி எடுத்துவிடுகிறது. எதை அனுப்புவது, எதை வைப்பது என்பது வழக்கமாக இருப்பதால் யார் மேலும் பழி இல்லை.

வயசாகிப் படுக்கையில் கிடந்து போகிறவருக்கு இந்த ஏற்பாடு சரியாக வரும். விருதுநகர் மாவட்டத்தின் சாவுகள் எல்லாம் அப்படி வருவதில்லையே. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 40 பேர் வரை போனார்கள். 2021 பிப்ரவரி 12 சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். திருச்சுழிக்குப் பக்கத்திலேயே, காரியாபட்டி ஆவியூர் அருகே கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கு 2024 மே 1 அன்று வெடித்து மூன்று பேர். ஒவ்வொரு முறையும் நிவாரணத் தொகை அறிவிக்கிறார்கள். காலையில் தூக்குவாளியோடு வேலைக்குப் போனவர் மாலையில் அடையாளம் தெரியாமல் வந்தால், பாயும் தலையணையும் எதற்கு ஆகும்? அவர் அதில் படுத்துச் சாகவில்லை. நேற்று மடித்து வைத்தபடி இருக்கிறது. நிவாரணத்துக்கு அலையும்போது அவருடைய காகிதங்களையும் பத்திரப்படுத்த வேண்டியிருக்கிறது. கருமாதி முடிந்தாலும் அலமாரி முடியாது.

நம் வீடுகளில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுவோம். கடைக்காரர் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாக இனிஷியலும் பெயரும் தேதியும் போட்டுக் கொடுப்பார். கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடம், வேலைக்குப் போன முதல் மாசம் மகன் வாங்கிய சாப்பாட்டுத் தட்டு. தட்டின் நடுவே நெளிவு விழுந்து, விளிம்பு தேய்ந்து, பெயர் மட்டும் படிக்கிற மாதிரி இருக்கும். அந்தத் தட்டை எடைக்குப் போடு என்று ஒரு தாயிடம் சொல்லிப் பாருங்கள்.

சாவு மட்டுமே இழப்பு என்றும் இல்லை. அருப்புக்கோட்டை நெசவு ஊர். வீட்டில் பாதியைத் தறி எடுத்துக்கொள்ளும், குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை வேலை. விசைத்தறி வந்து கைத்தறி கட்டுபடியாகாமல் போனபோது தறியைப் பிரித்தார்கள், குழியை மூடினார்கள். ஆனால் அச்சும் ஓடமும் தார்க்குச்சியும் பரணில் இன்னும் இருக்கிற வீடுகள் உண்டு. விறகுக்குப் போட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் போட மாட்டார்கள். "அதுதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு" என்பார்கள். மூன்று தலைமுறை செய்த தொழிலுக்குக் கருமாதி செய்ய நம்மிடம் சடங்கு ஏது?

எல்லாவற்றையும் விட்டவர்

திருச்சுழியைப் பற்றி எழுதிவிட்டு ரமண மகரிஷியைச் சொல்லாமல் போனால் ஊர் கோபித்துக்கொள்ளும். தாது வருசப் பஞ்சம் ஓய்ந்து ஒரு வருசம் கழித்து, 1879 டிசம்பர் 30-ல் அங்கே பிறந்தவர், இயற்பெயர் வேங்கடராமன். 1892-ல் அப்பா சுந்தரம் ஐயர் இறந்தார். பையனுக்கு வயது 12. குடும்பம் பிரிந்தது. அம்மா ஒரு பக்கம், அண்ணனும் இவரும் சித்தப்பா வீட்டில். 1896-ல் மதுரையில் திடீரென்று சாவு பயம் ஆட்கொண்டது. அதே வருசம் செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தவர், மொட்டையடித்துக்கொண்டு, வேட்டியில் கோவணத்துக்கு ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு, மிச்சத் துணியையும் கையில் இருந்த சில ரூபாயையும் அய்யங்குளத்தில் எறிந்துவிட்டார். அவர் பிறந்த வீடு, சுந்தர மந்திரம் என்ற பெயரில் இன்றைக்கும் அங்கே பராமரிக்கப்படுகிறது.

சாவைச் சந்தித்த ஒருவர் சகலத்தையும் உதறினார், இன்னொருவர் சகலத்தையும் கட்டிக்கொள்கிறார். இதில் முன்னதை உயர்த்திப் பின்னதைத் தாழ்த்துகிற பேச்சு நமக்கு நாக்கு நுனியில் இருக்கும். 'பற்றற்று இரு' என்று உபதேசம் செய்வது சுலபம். ஆனால் அவர் துறவி. வீடு வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளை வளர்த்துக்கொண்டு, ரேஷனுக்கு வரிசையில் நிற்கிற பெண்ணுக்கு அய்யங்குளம் விடை ஆகாது.

மகன் செய்த சுத்தம்

திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் பெரியம்மா ஒருவர் இருந்தார். பெரியப்பா பஸ்ஸில் போகும்போது இறந்துபோனவர். அதற்குப் பிறகு பெரியம்மா வீட்டில் செய்தித்தாள், சாக்கு, காலி எண்ணெய் டின் என்று ஒவ்வோர் அறையாக அடைந்துகொண்டே வந்தது. மதுரைக்குக் கண்புரை ஆபரேஷனுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, அவர் மகன், எங்கள் அண்ணன், சென்னையிலிருந்து ஆள் கூட்டிவந்து ஒரே நாளில் இரண்டு டிராக்டர் சாமான் அள்ளிவிட்டார். அம்மா வந்து பார்த்துச் சந்தோசப்படுவாள் என்று உண்மையிலேயே நம்பியிருந்தார். கண்ணில் பச்சைத் துணியோடு வந்த பெரியம்மா நடுவீட்டில் நின்று, "எங்கய்யா அது?" என்று கேட்டார். எது என்று சொல்லவில்லை. நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வருசம் முடிவதற்குள் வீடு மறுபடி அடைந்துவிட்டது, முன்னைக் காட்டிலும் வேகமாக.

மனநல மருத்துவர்கள் இதைத்தான் செய்யாதீர்கள் என்கிறார்கள். ஆள் இல்லாத நேரத்தில் அள்ளிப் போட்டால் அது இன்னோர் இழப்பு, அவ்வளவுதான். இதற்கென்று உள்ள சிகிச்சை பேச்சு வழியாக, மெதுவாக நடப்பது. பொருளை எடுப்பதும் முடிவெடுப்பதும் அவர் கையால்தான். பிரியமானதில் தொடங்கக் கூடாது, காலி மருந்து அட்டை, கிழிந்த சாக்கு மாதிரி மனசு ஒட்டாததில் தொடங்க வேண்டும். ஒரு மூலை, அரை மணி நேரம், போதும். எந்தப் பொருளையும் "குப்பை" என்று வாயால் சொல்லாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. மனச்சோர்வு சேர்ந்திருந்தால் அதற்கு மருந்தும் உண்டு.

வீடு முழுக்கச் சுத்தமாக வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். அடுப்பைச் சுற்றி ஒரு கை தூரம் காலியாக இருக்கட்டும், தீப்பிடிக்காது. படுக்கையிலிருந்து கழிப்பறைக்கு வழி இருக்கட்டும், ராத்திரி தடுக்கி விழ மாட்டார்கள். சுவரோரக் குவியலைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வைத்தால் கட்டுவிரியனும் தேளும் தங்க இடமிருக்காது. இந்தப் பக்கத்தில் பாம்பும் தேளும் லேசான விசயம் இல்லை. இந்த மூன்றும் ஆனால் மிச்சம் ஆண்டுக்கணக்கில் நடக்கட்டும், பாதகமில்லை.

அரசுக்கும் ஒரு வார்த்தை. வெடிவிபத்து நடந்தால் கலெக்டர் வருகிறார், அமைச்சர் வருகிறார், காசோலை வருகிறது. மூன்று மாசம் கழித்து மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து ஓர் ஆள் அந்த வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரவும் ஏற்பாடு வேண்டும். பட்டாசு விபத்து நிவாரண விதிகளிலேயே அதைச் சேர்த்துவிடலாம். பெரிய செலவில்லை. மறுவாழ்வு முகாம்களுக்கும் அப்படியே.

இந்தப் பொங்கலுக்கு வெளியூரிலிருந்து வீட்டுக்கு வரும் பிள்ளைகள் கவனத்துக்கு: அம்மா வீட்டு அடைசலைப் பார்த்ததும் டிராக்டர் பேசாதீர்கள். எந்தச் சாமான் எப்போது வந்தது என்று கேட்டு, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கேளுங்கள். அவருக்குத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாசலைத் தாண்டி யாரையும் விடுவதில்லை என்று தெரிந்தால் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அதற்கு முன்னால் பேசிப் பார்க்க வேண்டுமானால் டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது.